வலது ஓரத்து வேண்டாம்

அத்தியாயம் 7

சப்தோவுக்குக் காலையிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது. தின்றது ஒன்றும் காரணமில்லை. கண்ணால் கண்டதுதான் காரணம்.

ஆறு வருடமாக வெனிங் அம்மாள், ஊர் வழக்கில் இபு வெனிங், துப்புத் துலக்கப் போகும் இடத்துக்கெல்லாம் அவனுடைய மோட்டார் பைக்கின் பின்னால்தான் போவார். இரண்டு காலையும் ஒரு பக்கமாகப் போட்டு, கைப்பையை மடியில் வைத்து, ஒற்றை விரலால் அவன் தோளைத் தொடுவார். இடது தோளில் தொட்டால் இடது பக்கம் திரும்பு, வலது தோளில் தொட்டால் வலது பக்கம். பேச்சே தேவைப்படாது. இருபத்திரண்டு வருடம் தட்டச்சுப் பள்ளி நடத்திய அம்மாள் அல்லவா, விரலால் பேசுவதில் கெட்டிக்காரி.

இன்று அந்த விரல் தாமரின் தோளில் இருந்தது.

தாமர் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். யோக்யகர்த்தா வெயிலிலும் இஸ்திரி கலையாத சட்டை. புது வண்டி. "அவன் சீட்டு மெத்து மெத்துன்னு இருக்கு சப்தோ, என் இடுப்புக்கு அதான் நல்லது" என்று சொல்லிவிட்டு இபு வெனிங் ஏறிக்கொண்டார். அதோடு விட்டாரா? சப்தோ அவருக்கென்றே துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் பச்சை ஹெல்மெட்டையே தலையில் மாட்டிக்கொண்டு ஏறினார். அதுதான் அவனுக்கு ஆறவே இல்லை.

பாக் ஹர்ஜோ என்கிற ஹர்ஜோ ஐயாவின் பதிப்பக வாசலில் வண்டிகளை நிறுத்தினார்கள். இபுவும் தாமரும் பேசிக்கொண்டே உள்ளே போனார்கள். சப்தோ மட்டும் பின்தங்கினான். தெருவை ஒரு பார்வை பார்த்தான். குனிந்து, தாமரின் வண்டிப் பின்சக்கரத்தில் காற்றடைக்கும் வால்வின் மூடியைக் கழற்றினான். பையிலிருந்த தீக்குச்சியை உள்ளே வைத்து அழுத்தினான்.

புஸ்ஸ்ஸ்...

காதுக்கு எவ்வளவு சுகமான சத்தம்! இரண்டு மூச்சுக் காற்றுதான் போயிருக்கும். அதற்குள் அவனுக்கே வெட்கமாகிவிட்டது. முப்பத்தாறு வயது ஆம்பிளை செய்கிற காரியமா இது? 'சீ, வேண்டாம்' என்று குச்சியை வெடுக்கென்று இழுத்துச் சாக்கடையில் எறிந்தான். மூடியை இறுக்கித் திருகினான். நல்ல பிள்ளையாக உள்ளே போனான்.

உள்ளே மேசைமேல் ஒரு புத்தகம் இருந்தது. அதைப் பார்த்ததும் சப்தோவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியை த்வி பிரபாவாவின் வாழ்க்கை வரலாறு. அட்டை முழுக்க அந்த அம்மாளின் முகம். இழுத்துச் சீவிய தலை, சிரிப்பே அறியாத உதடு. அந்த உதட்டுக்கு மேலே, இரண்டு முனையும் சுருண்ட கம்பீரமான மீசை.

புதன்கிழமை பள்ளி மண்டபத்தில் புத்தக அடுக்கின் மேலிருந்த துணியை விலக்கியபோது முந்நூறு பழைய மாணவர்கள் இதைப் பார்த்தார்கள். முப்பது வருடமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பையெல்லாம் அங்கேயே சிரித்துத் தீர்த்துக்கொண்டார்கள். த்வி அம்மாள் மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டார்.

"அச்சகத்துல யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார் இபு வெனிங்.

"கேட்டேனே!" என்றார் பாக் ஹர்ஜோ. மூன்று நாளாகத் தூங்காத முகம் அவருக்கு. "த்விங்கிற பேர் ஆம்பிளைக்கும் உண்டு, பொம்பிளைக்கும் உண்டு. நான் அவங்களை நேர்ல பார்த்ததில்ல, மீசை நல்லாத்தான இருந்துச்சுங்கிறான்!"

"நல்லாத்தான் இருக்கு" என்றான் சப்தோ. அவன் முன்பு நாடகக் குழுவில் கோமாளி வேஷம் கட்டியவன். "இது மந்திரி மீசை, இபு. வில்லன் மீசைன்னா முனை கீழ பார்க்கும். வரைஞ்சது கை தேர்ந்த ஆளு."

"அதைத்தான் நானும் சொல்றேன்!" பாக் ஹர்ஜோ மேசையைத் தட்டினார். "இங்க கை தேர்ந்த ஆளு ஒருத்திதான். போன வார வெள்ளிக்கிழமை பதினொண்ணு அம்பத்திரண்டுக்கு, அவ கம்ப்யூட்டர்ல, அவ ஃபைல்ல சேமிச்சிருக்கு. தாமரே பார்த்துச் சொன்னான். இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு எல்லார் முன்னாடியும் வேலை நீக்கக் கடிதத்தை வாசிக்கப் போறேன். நாளைக்கு அந்த அம்மா வீட்டு வாசல்ல நின்னு, இன்னார்தான் செஞ்சா, அனுப்பிட்டேன்னு நான் சொல்லியாகணும்."

அந்த 'அவள்' மூலையில் நின்றுகொண்டிருந்தாள். பெயர் கிரானா. அட்டை வடிவமைப்பாளர், இருபத்தாறு வயது, இபு வெனிங்கிடம் தட்டச்சுப் படித்தவள். நேற்று அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதது இவள்தான். யோக்யாவின் பதிப்பகக்காரர்கள் எல்லாரும் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள். நாலு மணிக்கு அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டால் நாலரைக்கு ஊருக்கே தெரிந்துவிடும். அப்புறம் அவளுக்கு ஒரு அட்டை தருவார் யார்?

"இபு குரு, வியாழக்கிழமையே எல்லாரும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட அட்டை அது. வெள்ளிக்கிழமை நான் திறக்கவே இல்ல. சாப்பிட்டு வந்து அப்படியே சிடியில போட்டு அச்சகத்துக்கு அனுப்பினேன். என் அட்டைக்கு நானே மீசை வரைவேனா?"

"பேர் வரணும்னு சிலர் என்ன வேணாலும் செய்வாங்க" என்றார் பாக் ஹர்ஜோ.

"பேர் வரணும்னா மீசைக்குக் கீழ என் கையெழுத்தையும் போட்டிருப்பேனே, பாக்!"

இபு வெனிங் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "சப்தோ, இங்க பாரு. வலது கன்னத்துல கிருதா. இடது கன்னத்துல?"

சப்தோ குனிந்தான். வலது காதோரம் மயிர் மயிராக வரைந்த அழகான கிருதா. இடது காதோரம் நாலே நாலு கோடு. அதற்குமேல் இல்லை.

"பாதியில நிறுத்திட்டாங்க, இபு" என்றான். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. "மனசு மாறியிருக்கும். சீ வேண்டாம்னு தோணியிருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

சப்தோ சட்டென்று சுவரைப் பார்த்தான். "சும்மா... தோணுச்சு."

"மாஸ் சப்தோ சொல்றது சரியா வராதே" என்று தாமர் அண்ணனைக் கூப்பிடுகிற மரியாதையோடே குறுக்கிட்டான். "மனசு மாறியிருந்தா சேமிச்சிருக்க மாட்டாங்களே."

அந்த மரியாதைதான் சப்தோவை இன்னும் எரித்தது. திட்டினாலாவது திருப்பித் திட்டலாம். தாமரின் முகத்தைப் பார்க்க வேண்டாமே என்று அவன் சுவரையே முறைத்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் அந்தத் தாளைக் கண்டான்.

எட்டுப் பெயர், பெயருக்கு எதிரே பேனாக் கோடுகள். பாக் ஹர்ஜோவின் பெயருக்கு எதிரே மட்டும் ஒரு வேலி போலக் கோடு.

"இது என்ன, தினமும் எத்தனை டீ குடிச்சீங்கன்னு கணக்கா?"

அவ்வளவு துயரத்திலும் கிரானாவின் உதடு கொஞ்சம் அசைந்தது. "தப்புப் பட்டியல், மாஸ். மூணு மாசத்துக்கு முன்னாடி தாமர் வந்து எல்லாக் கம்ப்யூட்டரையும் விண்டோஸ்லேருந்து லினக்ஸுக்கு மாத்தினார் இல்ல? பழசுல ஒரு ஃபைலை மூடினா பெட்டி வந்து கேக்கும், 'சேமி' இடது பக்கம், 'வேண்டாம்' வலது பக்கம். புதுசுல அது அப்படியே தலைகீழ். 'வேண்டாம்' இடது, 'சேமி' வலது ஓரம். யாரு எழுத்தைப் படிச்சு அமுக்குறா? கை போற இடத்துல அமுக்குறதுதான். முதல் மாசம் தினமும் கூச்சல். பாக் ஹர்ஜோ ஒரு அத்தியாயத்தையே தொலைச்சார்."

"ஒண்ணரை அத்தியாயம்" என்றார் பாக் ஹர்ஜோ.

"மாத்தி அமுக்கினா ஒரு கோடு. கோடு விழுந்தா நாற்காலி மேல ஏறி ஒரு பாட்டுப் பாடணும். இப்ப அஞ்சு வாரமா யாரும் பாடல. கை பழகிடுச்சு."

"ஒரு கோடுகூட வாங்காத மகான் யாராவது இருக்காங்களா?" என்றான் சப்தோ.

"யாருமில்ல. இங்க இருக்கிற எல்லாரும் பாடியாச்சு."

"இங்க இருக்கிற எல்லாரும்" என்று இபு வெனிங் மெல்லத் திருப்பிச் சொன்னார். மடியிலிருந்த கைப்பைமேல் அவர் விரல்கள் தட்டச்சு செய்வதுபோல அசைந்தன. அப்படி அசைந்தால் ஏதோ ஓடுகிறது என்று சப்தோவுக்குத் தெரியும். தாமருக்குத் தெரியாது. அதில் அவனுக்கு ஒரு சின்ன ஆறுதல்.

இபு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தார். ஏதாவது கிறுக்கு, சேமிக்காமல் மூடு என்றார். எட்டுப் பேரும் பெட்டியைப் பார்க்காமலே இடது பொத்தானை அமுக்கினார்கள். ஒற்றை விரலால் தட்டும் பாக் ஹர்ஜோவும்கூட.

"சரி. அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். பதினொண்ணு அம்பத்திரண்டுக்கு யார் யார் எங்க இருந்தீங்க?"

ஆண்களைக் கேட்கவே வேண்டியதில்லை. வெள்ளி மதியத் தொழுகைக்குப் பதினொன்றே முக்காலுக்கே கிளம்பிப் பள்ளிவாசலில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள். மிஞ்சியது நாலு பெண்கள்.

"நான் லோதேக் வாங்கப் போயிருந்தேன்" என்றாள் கிரானா. வெந்த கீரையும் கடலைச் சாந்தும் கலந்து தரும் கடை தெருமுனையில்தான். "ம்பாக் வுலான் வந்திருந்தாங்க, குழந்தையைக் காட்ட. எனக்கு முன்னாடி இங்க அட்டை போட்ட அக்கா. பிரசவ லீவுல நாலு மாசமா இல்ல. பால் குடுக்கிறவங்களாச்சேன்னு ஒரு மிளகாய்கூடப் போடாம நானே நின்னு அரைக்கச் சொல்லி வாங்கிட்டு வந்தேன்."

"நாங்க மூணு பேரும் பின் அறையில வுலானோடயும் குழந்தையோடயும் இருந்தோம்" என்றாள் பிழை திருத்தும் தூதிக். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். "ஒரு நிமிஷம்கூட நகரல. அப்படி ஒரு குழந்தை, இபு! சிரிச்சா கன்னத்துல குழி!"

"தொப்பி போட்டிருந்தானா?"

"மஞ்சள் தொப்பி, வாத்துப் படம் போட்டது!" மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"வுலான் என்ன உடுத்தியிருந்தா?"

"நீலம்" என்றாள் தூதிக். "கோடு போட்டது" என்றாள் இன்னொருத்தி. மூன்றாமவள் வாயைத் திறந்து, யோசித்து, மூடிக்கொண்டாள்.

"ஓகோ, துணிக்கடை விளம்பரமா?" என்று சப்தோ சிரித்தான். இபு சிரிக்கவில்லை. எழுந்துவிட்டார்.

"மணி ஒண்ணேகால். வாங்க, நாமளும் பிள்ளை பார்த்துட்டு வருவோம். வழியில ஒரு குழந்தை சோப்பு டப்பா வாங்கணும். தாமர், உன் லேப்டாப்பையும் கேமராவையும் எடுத்துக்கோ."

சப்தோவை எதையும் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அவன் தன் வாயை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

வுலானின் வீடு கோதகெடே பகுதியில் ஒரு சந்துக்குள். அவளுக்கு முப்பத்து மூன்று வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம், தோளில் பால் வாடை வீசும் துண்டு. இனிப்பு டீ போட்டுக்கொண்டு வந்தாள். குழந்தை பாயு தாமரின் மடிக்குப் போனவன் திரும்பி வர மறுத்தான். 'குழந்தைக்குக்கூட இவன்தான் வேணும்' என்று சப்தோ டீயை ஊதினான்.

"எப்ப வேலைக்குத் திரும்பறே?" என்று கேட்டார் இபு.

"அடுத்த மாசம். திரும்ப இடம் இருந்தா." வுலான் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் ஓரத்தில் ஏதோ உறுத்தியது. "எட்டு வருஷம் உக்காந்த நாற்காலி, இபு. என் முதுகுக்குப் பள்ளமே விழுந்திருக்கும். அதுக்கு அவ பூப்போட்ட உறை மாட்டியிருக்கா. ஜன்னலோரம் என் கோப்பையில பேனா குத்தி வச்சிருக்கா. 'ம்பாக், உக்காருங்க'ங்கிறா, என் நாற்காலியில என்னையே!"

சப்தோவின் தலை தானாக ஆடியது. பச்சை ஹெல்மெட் அவன் கண்முன் வந்து போனது.

தாமர் குழந்தையைப் படம் எடுத்து லேப்டாப்பில் போட்டான். பதிப்பகத்தில் இருப்பது போலவே லினக்ஸ். வுலானின் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர் மூலையில் துணி மூடிக் கிடந்தது.

"நீதான் கைகாரி ஆச்சே" என்றார் இபு. "இந்தப் படத்தைக் கொஞ்சம் வெட்டி அழகாக்கிக் குடேன். ஒரு பிரதி கொண்டுபோய்ச் சுவர்ல மாட்டிக்கிறேன்."

வுலானின் முகம் தெளிந்தது. நாலு மாதமாக அவளை யாரும் கைகாரி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் வெட்டினாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ம்ஹூம், கால் போயிடுச்சு. இது வேண்டாம். மூடிட்டு மறுபடி வெட்டறேன்."

மூடினாள். பெட்டி வந்தது. அவள் கண் குழந்தைமேல் இருந்தது, மவுஸ் தானாக வலது ஓரத்துக்குப் போனது. க்ளிக்.

படத்தைத் திறந்தாள். பாயுவுக்குக் காலைக் காணோம்.

"ஐயோ, இது என்ன? நான் வேண்டாம்னுதானே அமு..."

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

இபு வெனிங் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, ஒரு கோடு கிறுக்கி, மூடினார். பெட்டி மறுபடி வந்தது. அதை வுலானுக்கு நேராகத் திருப்பி வைத்தார். இடது பக்கம்: வேண்டாம். வலது ஓரம்: சேமி.

வுலான் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தாள், முதல் வகுப்புப் பிள்ளை படிப்பதுபோல.

"நான்தானா?" என்றாள்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் மாட்டிக்கொண்டு விழித்ததைச் சப்தோ பார்த்திருக்கிறான். செய்தவளே செய்தது தான்தான் என்று அந்த நிமிடத்தில் தெரிந்துகொள்வதை இன்றுதான் பார்த்தான்.

"அவங்க மூணு பேரும் நீ கூடவே இருந்தேன்னு சத்தியம் பண்றாங்க" என்றார் இபு. "குழந்தையோட தொப்பி அவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கு. உன் சட்டை ஒருத்திக்கும் ஞாபகமில்ல. நீ அங்க இருந்தாத்தானே ஞாபகம் இருக்கும்."

"பாயுவை வாங்கிக்கிட்டாங்க. அப்புறம் என்னை யாரும் பார்க்கவே இல்ல, இபு." வுலான் அழவில்லை. குரல் மட்டும் காய்ந்திருந்தது. "நான் எழுந்து போனதுகூட யாருக்கும் தெரியல. சும்மா என் ஜன்னலைப் பார்க்கலாம்னு போனேன். கம்ப்யூட்டர்ல அந்த அட்டையைத் திறந்து பார்த்தேன். நல்லா இருந்துச்சு. அதான் தாங்கல. நான் போட்டிருந்தா இவ்வளவு நல்லா வந்திருக்காது. ஒரு மீசை வரைஞ்சேன். சிரிப்பு வந்துச்சு, நாலு மாசத்துக்கப்புறம் முதல் தடவையா. கிருதா வரையறப்ப பின் அறையில பாயு அழுதான். சீன்னு ஆயிடுச்சு. மூடினேன். சேமிக்கவான்னு கேட்டுச்சு. வேண்டாம்னு அமுக்கினேன், இபு! சத்தியமா! மவுஸ் பிடிக்கக் கத்துக்கிட்ட நாள்லேருந்து, பதினோரு வருஷமா 'வேண்டாம்' அங்கதான் இருக்கு!"

"மீசையோட அச்சாகி வந்ததும்?"

வுலான் தலை குனிந்தாள். "நான் வரையறதை அவ எங்கிருந்தோ பார்த்திருப்பா, என்னை மாட்டிவிடணும்னு அதே மாதிரி அவளே வரைஞ்சு சேமிச்சிருப்பான்னு நினைச்சேன். அனுபவிக்கட்டும்னு இருந்துட்டேன்." தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தாள். "அந்த நேரத்துல அவ எனக்காகத்தான் கடையில நின்னுக்கிட்டு இருந்தா. ஒரு மிளகாய்கூட இல்லாம. நான் மூக்கு முட்டச் சாப்பிட்டேன்."

"நாலு மணிக்குக் கடிதம் வாசிக்கப் போறாங்க" என்றார் இபு. "நான் போய்ச் சொன்னா அது துப்பறிஞ்சதா ஆகும். நீ வந்து சொன்னா வேற மாதிரி."

"சொன்னா என் நாற்காலி?"

"அதுக்கு நான் உத்தரவாதம் குடுக்க முடியாது."

குழந்தை தாமரின் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று அடித்தது. சப்தோ தொண்டையைச் செருமினான். இப்போது அவன் குரலில் கோமாளி இல்லை.

"ம்பாக், நான் ஒண்ணு சொல்லட்டா? நீங்க வரைஞ்சதை மறைச்சிடலாம். வேண்டாம்னு அமுக்கினீங்களே, அதை ஏன் மறைக்கணும்? அதைச் சொல்ல உங்களை விட்டா வேற யாரு இருக்கா?"

வுலான் எழுந்து, மஞ்சள் தொப்பியைத் தேடி எடுத்தாள்.

சந்தின் வாயிலில் வுலானையும் குழந்தையையும் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பினார்கள். இபு பச்சை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தாமரின் வண்டிப் பக்கம் போனார். போனவர் அப்படியே நின்றார்.

பின்சக்கரம் தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

தாமர் குனிந்து மூடியைத் திருகி எடுத்தான். வால்வுக்குள்ளிருந்து ஒரு தீக்குச்சித் துண்டு அவன் உள்ளங்கையில் விழுந்தது. சப்தோ வெடுக்கென்று இழுத்தபோது பாதிதான் கையோடு வந்திருக்கிறது. மிச்சப் பாதியின்மேல் மூடியை இறுக்கித் திருகியதும் அவனேதான். அவன் இறுக்கிய இறுக்கில்தான் காலையிலிருந்து காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது.

"யாரோ வேலையத்தவன்" என்றான் தாமர். "நீங்க மாஸ் சப்தோவோட போங்க, இபு. நான் தள்ளிக்கிட்டு வந்துடறேன்."

இபு வெனிங் அந்தத் துண்டை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். சப்தோவின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையிலிருந்து எதற்காக ஏங்கினானோ அந்த விரல் இப்போது அவன் தோளில் இருந்தது. அது தொட்ட இடம் சுட்டது.

இரண்டு தெரு தாண்டியதும் காதருகே குரல் கேட்டது. "பாதியில மனசு மாறியிருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டேனே. நீ பதில் சொல்லலையே."

"மூடியை மாட்டிட்டேன், இபு" என்றான் சப்தோ சாலையைப் பார்த்தபடி. "நல்லா இறுக்கித்தான் மாட்டினேன்."

விரல் இடது தோளில் தொட்டது. அவன் இடது பக்கம் திரும்பினான்.

நாலு அடிக்கும்போது பாக் ஹர்ஜோ கடிதத்தைப் பிரித்துவிட்டிருந்தார். வுலான் குழந்தையோடு உள்ளே நுழைந்தாள். தூதிக் ஆசையாகக் கை நீட்டினாள். "இன்னிக்குக் குடுக்க மாட்டேன்" என்றாள் வுலான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே, நின்ற இடத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். பொறாமை என்ற சொல்லையும் விடவில்லை.

பாக் ஹர்ஜோ கடிதத்தை நாலாகக் கிழித்தார். "நாளைக்கு த்வி அம்மா வீட்டுக்கு என்னோட நீயும் வரணும். வாசல்ல நின்னு நீயே சொல்லணும். வேலையைப் பத்தி அப்புறம்தான் பேச்சு."

"வர்றேன், பாக்."

கிரானாதான் மூலையிலிருந்து வந்தாள். வுலான் பக்கம் திரும்பாமல் நேராகச் சுவருக்குப் போனாள். பட்டியலின் அடியில் ஒன்பதாவது பெயராக 'வுலான்' என்று எழுதினாள். எதிரே ஒரு கோடு போட்டாள். போட்ட வேகத்தில் தாள் கிழிந்தது.

"மூணு நாளா நான் சாப்பிடல" என்றாள். "மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. நாற்காலியையும் தரமாட்டேன். ஆனா இங்க மாத்தி அமுக்கினா பாடணும். அது எல்லாருக்கும்தான்." பூப்போட்ட உறை மாட்டிய நாற்காலியை இழுத்து நடுவில் போட்டாள். "ஏறுங்க. பிள்ளையை நான் பிடிச்சுக்கிறேன்."

வுலான் பிள்ளையைக் கொடுத்தாள். ஏறினாள். அந்த உயரத்தில் நின்றவளை அறை முழுக்க நிமிர்ந்து பார்த்தது. நீலமும் இல்லை, கோடும் இல்லை, அவள் உடுத்தியிருந்தது செங்கல் நிறம். ஒரு தாலாட்டின் இரண்டு அடி பாடினாள். மூன்றாவது அடி வரவில்லை. இறங்கினாள். யாரும் கை தட்டவில்லை. ஆனால் தூதிக் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்போது இபு வெனிங் பேனாவைக் கேட்டு வாங்கினார். சுவருக்குப் போய் பத்தாவதாக ஒரு பெயர் எழுதினார். சப்தோ.

"மாஸ் சப்தோவா?" என்றாள் கிரானா. "அவருக்குக் கம்ப்யூட்டரைத் தொடவே தெரியாதே!"

"தொட வேண்டியதில்ல" என்று இபு ஒரு கோடு போட்டார். கைப்பையிலிருந்து தீக்குச்சித் துண்டை எடுத்துப் பட்டியலுக்குக் கீழே, மேசைமேல் வைத்தார்.

சப்தோ நாற்காலிமேல் ஏறினான். எத்தனையோ மேடை ஏறியவன், இன்று நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். ஜன்னல் வழியே வாசல் தெரிந்தது. தாமர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டிப்போய், முகம் தக்காளியாகி, மூச்சு வாங்கிக்கொண்டு. உள்ளே வந்தவன் நாற்காலிமேல் நிற்கும் சப்தோவைப் பார்த்தான். மேசைமேல் கிடந்த குச்சியைப் பார்த்தான். பட்டியலைப் பார்த்தான்.

பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்தான்.

"கோதகெடேயிலேருந்து தள்ளிக்கிட்டு வந்திருக்கேன், மாஸ்" என்றான். "ஒரு பாட்டு பத்தாது."